கையால் முடிச்சிடும் உயர்தரக் கம்பளம்: வரைபடம் முதல் சான்றுச் சீட்டு வரை முழுமையான வழிகாட்டி

கம்பளப் பட்டறை தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முடிச்சுப் போடக் கற்பதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். முடிச்சு ஒரே நாளில் பிடிபட்டுவிடும். கம்பளம் கெட்டுப்போவது அதற்கு முந்தைய வேலைகளில்தான்: தப்பான நாள் கணக்கு, பாதியில் தீர்ந்துபோகும் நூல், சீரில்லாத பாவு (தறியில் நெடுக்காகக் கட்டும் இழைகள்). நெசவாளிக்கு அநியாயம் நடக்கத் தொடங்குவதும் அங்கேதான். முடியாத தேதிக்கு ஒப்புக்கொண்டுவிட்டால், அந்த நாட்களை யாராவது ராத்திரி உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டும். தறியில் இருப்பவர் தலையில்தான் அது விடியும்.

அதனால் தொழில்நுட்பத்தையும் நேர்மையையும் இங்கே தனித்தனியாகப் பிரிக்கவில்லை. எந்தப் படியில் எது வருகிறதோ, அங்கேயே சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு கம்பளத்தை வைத்துக்கொள்வோம்: 6 அடி அகலம், 9 அடி நீளம், அங்குலத்துக்குக் குறுக்கே 10 முடிச்சு, நெடுக்கே 10 வரிசை. பாவும், அதன் குறுக்கே ஓடும் ஊடையும் பருத்தி. மேல் நிமிர்ந்து நிற்கும் இழை கம்பளி. அதை இனி மேலிழை என்று சொல்கிறேன்.

## 1. வரைபடம்: கட்டத்தில் வராதது தறியில் வராது

கட்டத்தாளில் ஒரு கட்டம் என்பது ஒரு முடிச்சு. நம் கம்பளத்தில் குறுக்கே 720 கட்டம், நெடுக்கே 1,080 கட்டம். முழுப் படமும் இந்தக் கட்டங்களுக்குள் அடங்கியாக வேண்டும்.

முதலில் கரை அலங்காரத்தைக் கணக்கிடுங்கள், நடுப்பகுதியைப் பிறகு பார்க்கலாம். கரையில் ஒரு பூ 24 கட்டம் எடுக்கிறது, கரையின் அகலம் 72 கட்டம் என்று வைப்போம். இரு பக்க மூலைகளைக் கழித்தால் குறுக்கே 576 கட்டம் மிஞ்சும். அதில் 24 பூ சரியாக உட்காரும். நெடுக்கே 936 கட்டம், 39 பூ. மீதி வராததால் நான்கு மூலையும் ஒரே மாதிரி அமையும். இந்தக் கணக்கைப் போடாமல் நடுவிலிருந்து வரையத் தொடங்குபவர்களுக்கு மூலையில் அரைப் பூ வந்து நிற்கும்.

படத்தின் நடுக்கோடு ஒற்றை முடிச்சாக ஓட வேண்டுமென்றால் குறுக்கு எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். அப்போது 721 என்று வைத்துக் கரைக் கணக்கை மறுபடி போடுங்கள்.

அடுத்த தடுமாற்றம் கட்டத்தின் வடிவம். குறுக்கே 9, நெடுக்கே 12 என்ற அடர்த்தியில் நெய்யப்போகிறீர்கள், ஆனால் சதுரக் கட்டத்தாளில் வரைகிறீர்கள் என்றால், தாளில் இருக்கும் வட்டம் கம்பளத்தில் நசுங்கிப்போகும். கட்டத்தாளும் 9-க்கு 12 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும்.

கட்டத்தாளைப் பார்த்துத்தான் நெய்ய வேண்டும் என்பதில்லை. காஷ்மீரில் தாலிம் என்ற குறியீட்டு எழுத்தில் எத்தனை முடிச்சு, எந்த நிறம் என்று வரிசை வரிசையாக எழுதிவைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் நெய்வார்கள். எந்த முறையானாலும், நெய்பவரே படித்துப் பார்த்துக் கேள்வி கேட்ட பிறகுதான் வரைபடம் முடிந்ததாகக் கொள்ளுங்கள். வரைந்தவர் கண்ணில் படாத பிழை நெய்பவர் கண்ணில் முதல் பார்வையிலேயே படும்.

வடிவம் எங்கிருந்து வந்தது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே எழுதிவையுங்கள். ஒரு சமூகம் தலைமுறைகளாக நெய்துவரும் சின்னத்தை எடுத்தால் அவர்களிடம் கேளுங்கள், பெயரைச் சொல்லுங்கள், விற்பனையில் பங்கு கொடுங்கள். அதை அவர்களையே நெய்யச் சொல்வது இன்னும் நல்லது. வேறொரு வடிவமைப்பாளரின் படத்தில் நாலு நிறத்தை மாற்றிவிட்டுச் சொந்தப் படம் என்று விற்பது திருட்டு.

## 2. மாதிரித் துண்டும் நாள் கணக்கும்

வரைபடத்தின் மிகச் சிக்கலான பகுதியிலிருந்து ஒரு சதுர அடியை எடுத்து, சின்னச் சட்டத்தில் நெய்து பாருங்கள். அதில் 14,400 முடிச்சு இருக்கும். எளிய பகுதியை நெய்து பார்த்து அளந்தால் கணக்கு ஏமாற்றிவிடும்.

இந்தத் துண்டிலிருந்து மூன்று எண்களை எடுக்க வேண்டும். ஒன்று, ஒருவர் நாளுக்கு எத்தனை முடிச்சு போடுகிறார். ஊடை ஓட்டுவது, அடிப்பது, கத்தரிப்பது, முதுகை நிமிர்த்த எழுந்திருப்பது எல்லாம் சேர்த்து. இரண்டு, எவ்வளவு நூல் செலவானது. நெய்வதற்கு முன்னும் பின்னும் சிட்டத்தை (நூல் கற்றையை) நிறுத்துப் பார்த்தால் வெட்டிக் கழிந்ததும் கணக்கில் வந்துவிடும். மூன்று, கழுவிக் காய்ந்த பிறகு துண்டு எவ்வளவு சுருங்கியது.

நாளுக்கு 6,000 முடிச்சு வந்தது என்று வைப்போம். எட்டு மணி நேரத்துக்கு இது ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒரு முடிச்சு. நம் கம்பளத்தில் மொத்தம் 7,77,600 முடிச்சு. ஒருவர் நெய்தால் 130 நாள்; ஆறடித் தறியில் இருவர் வசதியாக உட்காரலாம் என்பதால் 65 நாள். வாரம் ஆறு நாள் என்றால் பதினோரு வாரம்.

வாங்குபவரிடம் பதினோரு வாரம் என்று சொல்லிவிடாதீர்கள். சாயத்துக்கும் பாவுக்கும் முன்னால் நான்கு வாரம், கழுவிக் காயவைத்துக் கத்தரிக்கப் பின்னால் மூன்று வாரம். காய்ச்சல், திருவிழா, மழைநாள் ஆகியவற்றுக்கு மேலும் சில வாரம். ஐந்து மாதம் என்று சொல்லுங்கள். அதற்குப் பொறுக்காதவர் உங்களிடம் வாங்க வேண்டாம். பட்டறையில் நடக்கும் பெரிய தவறுகளில் பாதி, இந்த ஒரு பதிலைச் சொல்லத் தயங்கியதில் தொடங்கியவை.

## 3. கூலி: விலை சொல்வதற்கு முன்னால்

பலர் சந்தை விலையிலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வந்து, மிஞ்சியதைக் கூலியாக வைக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். ஒரு குடும்பம் கடன்படாமல் வாழ நாளுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். அதை ஒரு நாளின் முடிச்சு எண்ணிக்கையால் வகுத்தால் முடிச்சுக் கூலி கிடைக்கும். கம்பளத்தின் விலை அதன் மேல்தான் எழ வேண்டும்.

முடிச்சுக் கணக்கில் கூலி கொடுப்பது தப்பில்லை. நிறையப் பேர் அதையே விரும்புகிறார்கள். ஆனால் ஒரே விகிதத்தை எல்லா வடிவத்துக்கும் வைப்பது தப்பு. நான்கு நிறம் உள்ள வடிவத்தில் கை ஓடும் வேகம் இருபது நிறம் உள்ளதில் ஓடாது. ஒவ்வொரு வடிவத்துக்கும் அதன் மாதிரித் துண்டிலிருந்தே விகிதம் எடுங்கள்.

முடிச்சு இல்லாத வேலைக்கும் கூலி உண்டு: பாவு ஓட்ட, விழுது (பாவு இழைகளை முன்னும் பின்னுமாகப் பிரிக்கும் நூல் கண்ணிகள்) கட்ட, வரைபடப் பிழையால் நெய்ததைப் பிரிக்க, நூல் வராமல் தறி சும்மா நிற்கும் நாளுக்கு. நூலில் இருந்த குறைக்கு நெசவாளியின் கூலியில் கை வைக்கக் கூடாது.

முன்பணத்தில் மிகுந்த கவனம் வேண்டும். அவசரத்துக்குக் கொடுப்பது உதவிதான். ஆனால் அந்தக் கடன் தீரும்வரை வேறு தறிக்குப் போகக் கூடாது என்றால், அது கொத்தடிமை முறை. வட்டி வேண்டாம். தொகையையும் தவணையையும் இருவரும் கையெழுத்திட்டு எழுதிவையுங்கள். பாக்கி இருக்கும்போதே ஒருவர் விலகலாம் என்ற வரி அந்தத் தாளில் கட்டாயம் இருக்கட்டும்.

தறியில் குழந்தைகள் கூடாது. சின்ன விரல்களால்தான் நுண்ணிய முடிச்சு போட முடியும் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். 1990-களில் இந்தியக் கம்பளத் தொழிலை ஆராய்ந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆய்வு இதற்கு ஆதாரமில்லை என்று காட்டியது. மிக நுண்ணிய வேலை பழகிய பெரியவர்களின் கையிலிருந்தே வருகிறது. குழந்தைகளை உட்காரவைப்பதற்கு உண்மைக் காரணம் கூலி குறைவு என்பதுதான். குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்களைத் தடைசெய்யும் அந்த அமைப்பின் 182-ஆம் உடன்படிக்கை 1999-இல் வந்தது. 2020-க்குள் உறுப்பு நாடுகள் அனைத்தும் அதை ஏற்றுவிட்டன.

வேலையை வீட்டுத் தறிகளுக்குப் பிரித்துக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தரகர் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு தறியும் எந்த வீட்டில் இருக்கிறது, யார் நெய்கிறார், கூலி யார் கைக்குப் போகிறது என்ற பட்டியல் உங்களிடம் இருக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். 1994-இல் ரக்மார்க் என்ற பெயரில் கைலாஷ் சத்யார்த்தி தொடங்கிய அமைப்பு, 2009 முதல் குட்வீவ் என்ற பெயரில் இயங்குகிறது. முன்னறிவிப்பில்லாத தறிச் சோதனையும் எண்ணிட்ட சீட்டும்தான் அதன் முறையின் அச்சாணி. அறிவித்துவிட்டுப் போகும் சோதனையில் எல்லாத் தறியும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

## 4. நூல் வாங்குதல்

உயிருள்ள ஆட்டிலிருந்து கத்தரித்த உரோமத்தில் நூற்ற கம்பளியை வாங்குங்கள். தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்பு போட்டுத் தோலிலிருந்து கழற்றிய உரோமமும் சந்தையில் உண்டு, விலை குறைவு. அது பளபளப்பில்லாமல் மங்கலாக இருக்கும், சாயத்தைத் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், சில ஆண்டு மிதிபட்டாலே உதிரத் தொடங்கும். ஒரு பிடி நூலைக் கைக்குள் இறுக்கி விடுங்கள். நல்ல கம்பளி உடனே பொங்கி எழும். மற்றது கசங்கியே கிடக்கும்.

மேனிக்கு உடுத்தும் மென்மையான கம்பளி தரைக்கு ஆகாது. கம்பளத்துக்குச் சற்றுத் தடித்த, விறைப்பான இழை வேண்டும். மென்மைதான் உயர்தரம் என்று நினைத்து மெரினோ ஆட்டுக் கம்பளியில் நெய்தால், நடக்கும் பாதை சீக்கிரமே படிந்துவிடும். கலப்புக்காக மெரினோ வாங்கினால், ஆட்டின் பின்பக்கத் தோலை வெட்டியெடுக்கும் மியூல்சிங் நடக்காத பண்ணையா என்று கேளுங்கள். நியூசிலாந்து 2018-இல் அதைத் தடை செய்தது.

பட்டு என்று சொல்லி, மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழை நிறைய விற்கிறது. மூங்கில் பட்டு, செயற்கைப் பட்டு என்று பல பெயர்கள். ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி பொசுங்கும் நாற்றம் அடிக்கும்; சாம்பல் விரலில் பொடியாகும். விஸ்கோஸ் தாள் எரிவதுபோல் மணக்கும். விஸ்கோஸ் ஈரமானால் வலுவிழக்கும், தண்ணீர் பட்ட இடம் கறையாக நிற்கும். நெய்தே தீர வேண்டும் என்றால் விஸ்கோஸ் என்று சொல்லியே விற்றுவிடுங்கள்.

மாதிரித் துண்டின் நூல் எடையை 54-ஆல் பெருக்குங்கள். அதுதான் சதுர அடிக் கணக்கு. அதற்கு மேல் பத்து சதவீதம் சேர்த்து, முழு நூலையும் ஒரே தடவையில் வாங்குங்கள். பாதியில் வாங்கும் நூல் வேறு மந்தையின் உரோமமாக இருக்கும், அதே சாயத்தை வேறு மாதிரி பிடிக்கும்.

## 5. சாயம்

சாயத்துக்கு முன்னால் எண்ணெய்ப்பசை போக வேண்டும். கை பொறுக்கும் வெந்நீரில், காரமில்லாத சோப்பில் சிட்டங்களை ஊறவிடுங்கள். கசக்காதீர்கள். சூட்டிலிருந்து எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டுவிடாதீர்கள். திடீர்க் குளிரும் கசக்கலும் சேர்ந்தால் கம்பளி இறுகிக் கட்டியாகும். பாத்திரத்திலேயே ஆறவிடுவதுதான் பாதுகாப்பு. பசை போகாத இடத்தில் சாயம் ஏறாது; அந்தத் திட்டு நெய்த பிறகுதான் கண்ணில் படும்.

தாவரச் சாயம் என்றால் அடுத்து படிகாரம். உலர்ந்த கம்பளி ஒரு கிலோவுக்கு 120 முதல் 150 கிராம். சாயத்தையும் இழையையும் பிணைப்பது இதுதான். சூட்டை மெல்ல ஏற்றி, கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் வையுங்கள்.

சிவப்புக்கு மஞ்சிட்டி வேர். இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் சூடு. 60 முதல் 65 டிகிரியில் நிறுத்தினால் தெளிந்த சிவப்பு வரும். கொதிக்கவிட்டால் வேரிலிருக்கும் பழுப்பும் சேர்ந்து இறங்கி, செங்கல் நிறமாகிவிடும். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். தண்ணீர் மிகவும் மென்மையாக இருந்தால் கொஞ்சம் சுண்ணக்கட்டித் தூள் சேர்த்தால் சிவப்பு எடுப்பாக வரும்.

நீலத்துக்கு அவுரி. இதற்குப் படிகாரம் தேவையில்லை. தொட்டியில் சாயம் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். நூலை வெளியே எடுத்ததும் காற்றுப்பட்டுப் பச்சையாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாக மாறும். ஆழ்ந்த நீலம் வேண்டுமென்றால் ஒரே தடவையில் நெடுநேரம் ஊறவிடாதீர்கள். சில நிமிடம் முக்கி, காற்றாடவிட்டு, மறுபடி முக்குங்கள். நெடுநேரம் ஊறவைத்தது மேலோட்டமாகப் பிடித்துக் கையில் ஒட்டும். தொட்டியின் காரத்தையும் குறைவாக வையுங்கள். பருத்தி தாங்கும் காரத்தைக் கம்பளி தாங்காது. கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் சேர்த்தால் மிச்சமிருக்கும் காரம் முறியும்.

கறுப்பும் கரும்பழுப்பும்தான் ஆபத்தானவை. இரும்பு உப்பு சேர்த்துக் கறுப்பாக்கினால் நிறம் உடனே வரும், ஆனால் இரும்பு கம்பளியை அரிக்கும். பழைய கம்பளங்களைத் தடவிப் பாருங்கள். கறுப்புக் கோடு போகும் இடம் மட்டும் பள்ளமாக, பாவு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். பக்கத்திலிருக்கும் சிவப்பும் நீலமும் உயரமாக நிற்கும். ஆழ்ந்த அவுரி நீலத்தின் மேல் மஞ்சிட்டியோ அக்ரூட் காய்த் தோலோ ஏற்றிக் கறுப்பை நெருங்குவது நல்லது. இயற்கையிலேயே கருத்த ஆட்டு உரோமம் அதைவிட நல்லது.

செயற்கைச் சாயம் தாழ்ந்தது என்ற எண்ணம் எனக்கில்லை. மூலக்கூறிலேயே உலோகம் பிணைந்த நல்ல சாயம் வெயிலையும் தண்ணீரையும் நன்றாகத் தாங்கும். தவிர்க்க வேண்டியவை இரண்டு: நச்சுள்ள டைகுரோமேட் உப்பை வைத்துச் செய்யும் குரோம் சாயம், சிதைந்து புற்றுநோய் தரும் அமீன்களை வெளியிடும் சில அசோ சாயங்கள். ஜவுளியில் இந்த அசோ சாயங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் தடை கொண்டுவந்தது. விற்பவரிடம் எழுத்தில் உறுதி கேளுங்கள். எந்தச் சாயமானாலும் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் வெளியே விடாதீர்கள். தாவரச் சாயத்திலும் படிகாரமும் இரும்பும் தண்ணீரில் மிஞ்சும்.

ஒவ்வொரு நிறத்தையும் இரண்டு விதமாகச் சோதியுங்கள். ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் நிறம் ஒட்டக் கூடாது. அட்டையில் நூலைச் சுற்றிப் பாதியை மூடி, வெயில் படும் சன்னலில் சில வாரம் வைத்துப் பாருங்கள். நெய்து முடித்த பிறகு கழுவும்போது சிவப்பு வெள்ளையில் இறங்கினால் அதைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது.

## 6. தறியும் உட்காரும் இடமும்

தறியின் மேல் உருளையும் கீழ் உருளையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடித்து அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். தறி அரை அங்குலம் சாய்ந்திருந்தால் கம்பளமும் சாயும். கழுவி இழுத்தாலும் முழுசாகச் சரியாகாது.

நெய்யும் வரிசை, உட்கார்ந்திருப்பவரின் மார்புக்கும் முழங்கைக்கும் இடையில் இருக்கட்டும். உருளைத் தறியில் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டே போகலாம். நிலைத்தறியில் உட்காரும் பலகையை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். அதைச் சோம்பலால் தள்ளிப்போடும் பட்டறைகளில் தோள்வலி இல்லாதவரைப் பார்க்க முடியாது. முதுகுக்குச் சாய்மானம், காலுக்கு ஊன்றுபலகை, பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சம், கம்பளித் தூசி வெளியேற எதிரெதிர் சன்னல். மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நடக்கட்டும். களைத்த கண் முதலில் தப்பவிடுவது அடுத்தடுத்த சாயலில் உள்ள நிறங்களை.

## 7. பாவு ஓட்டுதல்

ஒவ்வொரு முடிச்சும் இரண்டு பாவு இழையைப் பிடிக்கும். 720 முடிச்சுக்கு 1,440 இழை. இரு கரைக்கும் பக்கத்துக்கு நான்கு வீதம் சேர்த்தால் 1,448. கரை இழையை மறந்துவிட்டு ஓட்டியதைக் கடைசியில் ஒட்டவைக்க முடியாது.

நீளத்தில் 9 அடியோடு நின்றுவிடாதீர்கள். இரு முனைக் குஞ்சத்துக்கு ஓர் அடி, உருளையில் கட்டவும் கடைசியில் கை நுழையவும் இரண்டு மூன்று அடி, சுருக்கத்துக்குக் கொஞ்சம். முக்கி நிறமேற்றாத, முறுக்கேறிய பல்புரிப் பருத்தி நூலையே எடுங்கள். பாவு நீண்டு தளர்ந்தால் மேலே போட்ட முடிச்செல்லாம் வீண்.

எல்லா இழையையும் ஒருவரே ஓட்ட வேண்டும், ஒரே நாளில் முடித்தால் மேலும் நல்லது. ஒவ்வொருவர் கைக்கும் ஓர் இழுப்பு உண்டு. ஆள் மாறிய இடத்தில் இழுப்பும் மாறி, கம்பளத்தில் அலையாகத் தெரியும்.

ஓட்டும்போதே இழைகளை ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக மாறி மாறிப் பிரித்து, பிரிந்த இடத்தில் கயிறு கோத்துக் கட்டிவிடுங்கள். இழைகளின் வரிசையைக் காப்பது இந்தக் கயிறுதான். விழுது கட்டி முடியும்வரை யாரும் அதை உருவிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு உள்ளங்கையை விரித்து இடமிருந்து வலமாகப் பாவின் மேல் அழுத்திக்கொண்டே போங்கள். எங்கும் ஒரே எதிர்ப்பு தெரிய வேண்டும். தொய்ந்த இழையை அப்போதே சரிசெய்யுங்கள். இறுக்கி முடித்தபின் ஓர் இரவு விட்டு, மறுநாள் காலையில் மறுபடி பாருங்கள். பருத்தி ஓரளவு தளர்ந்திருக்கும்.

## 8. முடிச்சு

எடுத்த எடுப்பில் முடிச்சு போடக் கூடாது. முதலில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் அகலத்துக்கு வெறும் ஊடையை மட்டும் ஓட்டி அடித்துப் பட்டையாக நெய்யுங்கள். முடிச்சு வரிசைகள் அவிழாமல் தாங்குவது இந்தப் பட்டைதான். பாவு இழைகள் சம இடைவெளிக்கு வருவதும் இதில்தான். அகலம் 72 அங்குலம் வந்த பிறகு முதல் முடிச்சு.

இரண்டு முடிச்சுகள் பரவலாக உண்டு. துருக்கி முடிச்சில் நூல் இரண்டு பாவு இழையின் மேலும் படுத்து, இரு நுனியும் பின்னால் சுற்றி, நடுவில் ஒன்றாக வெளியே வரும். பாரசீக முடிச்சில் நூல் ஓர் இழையை முழுசாகச் சுற்றும். மற்ற இழையின் பின்னால் சும்மா போய் வெளியே வரும். வளைவும் கொடியும் நிறைந்த படத்துக்கு நான் பாரசீக முடிச்சைத்தான் சொல்வேன், நெருக்கமாக உட்காரும். நேர்கோட்டு வடிவத்துக்குத் துருக்கி முடிச்சு உறுதியானது. ஒரே கம்பளத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். மேலிழை சாயும் திசை மாறிவிடும்.

போடும் விதத்தைப் பாருங்கள். இடது கையின் இரு விரலால் முன் இழையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுக்கிறார் நெசவாளி. வலது கையில் வளைகத்தியும் நூல் நுனியும். நுனி உள்ளே போய்ச் சுற்றி வெளியே வருகிறது. அதைக் கீழ்நோக்கி ஒரே இழுப்பு; கத்தி குறுக்கே போய் நூலை வெட்டுகிறது. அந்தக் கீழ் இழுப்பில்தான் முடிச்சு இறுகுகிறது. மேல்நோக்கியோ தன்னை நோக்கியோ இழுப்பவர்களின் முடிச்சு தளர்ந்து நிற்கும், ஊடையை அடிக்கும்போது நழுவும்.

ஒரு வரிசை முடிந்ததும் இரண்டு ஊடை. முதலாவதை இறுக்கமாக, நேராக ஓட்டுங்கள். இரண்டாவதை வில்லாக வளைத்து, தளர விட்டு, பிறகு இரும்புச் சீப்பால் அடியுங்கள். அந்த வளைவில் இருக்கும் கூடுதல் நீளம் பாவைச் சுற்றி மடிய உதவுகிறது. இரண்டையும் இறுக்கினால் கம்பளத்தின் இடை சுருங்கும். அளவுக்கு மீறித் தளரவிட்டால் பின்பக்கம் கண்ணி கண்ணியாகத் துருத்தும். அடுத்து மேலிழையை வேண்டிய உயரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக விட்டுக் கத்தரியுங்கள். கடைசிக் கத்தரிப்புக்கு அது தேவைப்படும்.

இருவர் நெய்தாலும் ஒரு வரிசை முழுவதையும் ஒருவரே அடிக்கட்டும். இரண்டு கையின் பலம் கலந்தால் நடுவில் வரிசை முறியும்.

இரண்டுக்குப் பதிலாக நான்கு பாவு இழையைச் சேர்த்து ஒரே முடிச்சாகப் போடுவதற்கு ஜுஃப்தி என்று பெயர். முன்பக்கம் பார்த்தால் தெரியாது. வேலை பாதி நேரத்தில் முடியும், கம்பளம் பாதி அடர்த்தியில் நிற்கும். இதைக் கண்டால் நெசவாளியைக் கடிந்துகொள்ளும் முன் உங்கள் கூலி விகிதத்தையும் தேதியையும் எடுத்துப் பாருங்கள். நான் பார்த்தவரை, கணக்கு நியாயமாக உள்ள தறியில் ஜுஃப்தி வருவதில்லை.

## 9. தறியிலேயே அளந்து பார்த்தல்

நான்கு அங்குலத்துக்கு ஒரு தடவை நிறுத்தி மூன்றைப் பாருங்கள்.

அகலம்: 72 அங்குலம் குறையக் கூடாது. குறையத் தொடங்கினால் அடுத்த வரிசைகளில் இரண்டாம் ஊடையை இன்னும் தளர விடுங்கள். கரையை வெளியே இழுத்துக் கட்டிச் சமாளித்தால் தறியை விட்டு இறக்கியதும் பழையபடி சுருங்கிவிடும்.

உயரம்: 40 வரிசைக்கு 4 அங்குலம். அதே 40 வரிசை கால் அங்குலம் மட்டும் குறைந்து 3.75 அங்குலம் வருகிறது என்றால்கூட அலட்சியம் வேண்டாம். அப்படியே போனால் 9 அடிக் கம்பளம் 8 அடி 5 அங்குலத்தில் முடியும், வட்டங்கள் நசுங்கும்.

பின்பக்கம்: படம் முன்பக்கத்தைவிட இங்கேதான் தெளிவாகத் தெரியும். நிறம் மாறிய ஒற்றை முடிச்சை இப்போது பிரித்து மாற்றச் சில நிமிடம் போதும். நான்கு அடி தாண்டியபின் கண்டுபிடித்தால் பெரிய வேலை.

## 10. இறக்குதல், கழுவுதல், கத்தரித்தல்

கடைசியிலும் தொடக்கத்தைப் போலவே பட்டை நெய்யுங்கள். பிறகு தறியின் இறுக்கத்தை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். இறுக்கமாக இருக்கும்போதே பாவை வெட்டினால் வெட்டிய இடம் திடீரென்று சுருங்கிக் கரை நெளியும். குஞ்சத்துக்கான நீளத்தை விட்டு வெட்டி, அன்றைக்கே முடிச்சிட்டுக் கட்டிவிடுங்கள்.

அடுத்து வரும் வேலைகளுக்கும் ஒரு வரிசை உண்டு: பின்பக்கத்துப் பிசிறைத் தீயில் லேசாகப் பொசுக்கித் துடைப்பது, முதல் கத்தரிப்பு, கழுவுதல், சட்டத்தில் இழுத்துக் காயவைப்பது, கடைசிக் கத்தரிப்பு. கழுவுவதற்கு முன்பே முழு உயரத்துக்குக் கத்தரித்துவிட்டால், நனைந்து விரியும் மேலிழை மேடுபள்ளமாகும், மறுபடி வெட்ட மிச்சம் இருக்காது.

கழுவும்போது மரப்பலகையால் மேலிழை படுத்திருக்கும் திசையிலேயே தண்ணீரைத் தள்ளுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். உள்ளே சோப்பு மிஞ்சினால் அழுக்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

பட்டுப்போல் பளபளக்க வேண்டும் என்று குளோரின் போட்டுக் கழுவுவது பரவலான வழக்கம். கம்பளி இழையின் மேல் உள்ள செதில்களை அது கரைத்துவிடும், அதனால்தான் மினுக்கு. செதில் போன இழை பலவீனமான இழை. பல ஆண்டு உழைக்க வேண்டிய கம்பளத்தின் ஆயுளைக் கடையில் மினுக்கிக் காட்டுவதற்காகக் குறைப்பதை நான் ஏற்பதில்லை. மேலும், குளோரின் கலவையோடு அமிலம் சேர்ந்தால் நச்சு வாயு வரும்; கழுவுபவர்கள் வெறுங்காலோடு அதில்தான் நிற்கிறார்கள். நல்ல உரோமம் வாங்கியிருந்தால் வெறும் தண்ணீரும் சோப்புமே போதிய பளபளப்பைத் தரும்.

ஈரக் கம்பளத்தைத் தொங்கவிடாதீர்கள். சொந்த எடையிலேயே நீண்டு கோணும். சட்டத்தில் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, மூலைக்கு மூலை அளந்து சரிபார்த்து, முழுசாகக் காயும்வரை விடுங்கள். மேலே காய்ந்தாலும் பருத்திப் பாவு உள்ளே ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தோடு சுருட்டினால் பாவு மக்கிப்போகும்.

கடைசிக் கத்தரிப்பை அனுபவசாலியிடமே கொடுங்கள். ஒரு வெட்டு ஆழமாகப் போனால் அந்த இடத்து முடிச்சுகளைப் பிரித்துப் புதிதாகப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

## 11. சான்றுச் சீட்டு

முடிச்சு எண்ணிக்கையை இறுதிக் கம்பளத்தின் பின்பக்கத்தில் எண்ணியே எழுதுங்கள். பாவு இழைகள் ஒரே மட்டத்தில் இருந்தால் ஒவ்வொரு முடிச்சும் பின்னால் இரண்டு புடைப்பாகத் தெரியும். இரண்டையும் எண்ணினால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். தெரியாமல் எண்ணுபவர்களும் உண்டு. தெரிந்தே எண்ணுபவர்களும் உண்டு. ஒரே முடிச்சு மட்டும் வேறு நிறத்தில் இருக்கும் இடத்தைப் பார்த்து, அது எத்தனை புடைப்பு என்று உறுதிசெய்துகொண்டு எண்ணத் தொடங்குங்கள்.

சீட்டில் வர வேண்டியவை: மேலிழை, பாவு, ஊடை ஆகியவற்றின் நார்வகையும் சதவீதமும், சாய வகை, கழுவிய முறை, நெய்யத் தொடங்கிய மாதமும் முடித்த மாதமும், வடிவம் யாருடையது. நெய்தவர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயர். படம் எடுத்துப் போட விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள்.

துணியில் ஊசித் துப்பாக்கியால் நூலைக் குத்தி, பின்னால் ரப்பர் பால் பூசி, துணி ஒட்டி முடிக்கும் கம்பளமும் கைவேலைதான். ஆனால் அதில் முடிச்சே இல்லை, உழைக்கும் காலமும் வெகு குறைவு. இரண்டையும் கையால் செய்தது என்ற ஒரே சொல்லில் போட்டு விற்பது வாங்குபவரை ஏமாற்றுவது. பின்பக்கம் துணியால் மூடியிருந்தால் எதற்காக மூடியிருக்கிறது என்று எவரும் கேட்கலாம். புதுக் கம்பளத்தைத் தேநீரில் நனைத்துப் பழையது என்று விற்பதும் இதே வகைதான்.

நூல் வாங்கும்போது கூடுதலாகச் சேர்த்த பத்து சதவீதத்தில் மிஞ்சியது இப்போது பயன்படும். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சிறு சிட்டத்தைப் பெயரெழுதிக் கட்டி, சீட்டோடு வாங்குபவரிடம் கொடுங்கள். இன்னொரு கட்டு பட்டறையில், வரைபடத்தோடு, வெயில் படாத பெட்டியில் இருக்கட்டும். எப்போதாவது ஓட்டை விழுந்து பழுதுபார்க்க வந்தால், அதே சாயத்தொட்டியில் நனைந்த நூல் வேறு எங்கும் கிடைக்காது.